இடதுபக்கச் சுவர்

ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில் முன்னால் ஓடிய இரண்டு பேரை மட்டுமே டிவி காட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவதாக பிரின்சி ஓடுகிறாள் என்று வர்ணனையில் பேர் வந்ததோடு சரி, மகள் திரைக்குள் வரவேயில்லை. அருள்மேரி எழுந்துபோய் டிவிக்கு இடதுபக்கம் தொங்கிய காலண்டரைக் கழற்றினாள்.

"அத ஏன்டி எடுக்கிற?" என்றார் புருஷன் சூசை.

"பிள்ள இந்தச் சுவத்துலதான வந்துட்டிருக்கா."

"அப்ப ஆணி கால்ல குத்துமே" என்று அவர் ஆணியையும் பிடுங்கினார்.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும் சோப்பு விளம்பரம் போட்டார்கள். அது முடிந்தபோது யாரோ ஒருத்தி கொடியைப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் பிரின்சி போன் பண்ணினாள். "கடைசிச் சுத்துல கால் இடறி விழுந்தேனே, பாத்தியாம்மா?"

"பாத்தேன்" என்ற அருள்மேரி, ஆணி இருந்த ஓட்டையை விரலால் மூடிக்கொண்டாள்.