விளக்குக்கு நேர்மேலே

எங்கள் குடியிருப்பில் நாங்கள் இருந்த கீழ்த்தளத்தைக் காலி செய்து, ஏறிவரும் கடலுக்கு விடும் தேதி வந்தபோது என் கணவருக்குக் கருமாதிகூட முடிந்திருக்கவில்லை. உயிர் பிரிந்த இடத்தில் அதுவரை விளக்கு எரிய வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மாநகராட்சி ஊழியரிடம் கெஞ்சினேன்.

“அமாவாசைத் தண்ணி நான் சொன்னா நிக்குமாம்மா?” என்றார் அவர்.

முதல் மாடி பிலோமினா இறங்கி வந்தாள். அவள் துணி பிழியும் தண்ணீர் எங்கள் ஜன்னலில் சொட்டுகிறது என்று சண்டை போட்டு, பல வருடங்களாக அவளோடு பேசாதவர் என் கணவர். விளக்கு இருந்த இடத்தைச் சுவரிலிருந்து முழம் போட்டு அளந்தாள். மாடியில் அதற்கு நேர்மேலே அவள் கட்டில் கிடந்தது. அதை இழுத்துப் போட்டுவிட்டுத் தரையைக் கழுவினாள்.

“உசுரோட இருந்தப்ப எங்க வூட்ல ஒரு டீ குடிக்கல உங்க வூட்டுக்காரரு. இப்பவாவது வரட்டும்க்கா,” என்றாள்.

கருமாதி முடிந்தும் விளக்கை அணைக்கவில்லை; நானும் அவளோடு தங்கிவிட்டேன். கடல் முதல் மாடிக்கு ஏறியபோது விளக்கோடு இருவருமாக இரண்டாம் மாடிக்கு வந்தோம். போன மாசியில் அவளும் இங்கேயே கண்ணை மூடினாள்.

இப்போது இந்த மாடிக்கும் தேதி குறித்திருக்கிறார்கள். மூன்றாம் மாடிக்காரர்களிடம் கொஞ்சம் இடம் கேட்க வேண்டும், ஒரு விளக்குக்கும் ஒரு மெழுகுவர்த்திக்கும்.