ஈரத் தலைகள்

தாராபுரத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையை ஒட்டிய அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு வெள்ள ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிட வந்த சுரேந்தர், ஷூவில் புழுதி படுமென்று காரைவிட்டு இறங்கவே இல்லை. பணியாளர் புவனா வெயிலில் நின்று ஜன்னல் வழியாக மோர் நீட்டினாள்.

“ஏனுங்க சார், எறங்கிக் கரையைப் பாத்துப்போட்டுப் போங்க. ஆபத்து அதிகம்னு நீங்க எழுதுனாத்தான் வேற கட்டடம் குடுப்பாங்களாமுங்க.”

“வாய்க்கால்ல சொட்டுத் தண்ணியில்லீங்க அம்மணி. இதுல நீச்சலா அடிக்கப் போறீங்க?”

மோரைக் குடித்துவிட்டு, செல்போன் படிவத்தில் ‘ஆபத்து குறைவு’ என்று தட்டினார். படிவம் குழந்தைகளின் படம் கேட்டது. உட்கார்ந்தபடியே எடுத்தார். படத்தில் பதினான்கு குழந்தைகளும் தலைமுடியிலிருந்து நீர் சொட்ட நின்றார்கள். நிமிர்ந்து பார்த்தார். வாசலில் எல்லோரும் காய்ந்த தலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி எடுத்தார். மறுபடியும் அப்படியே.

குடித்த மோருக்காகவாவது ஒருமுறை இறங்கியிருக்கலாம். அந்த மனத்தைக் கடவுள் கொடுத்தாலும் சிலர் வாங்கிக்கொள்வதில்லை. சுரேந்தர் போன வருடப் படத்தைச் சேர்த்து அனுப்பிவிட்டு, டிரைவரிடம் ஏசியைக் கூட்டச் சொன்னார்.

கார் திரும்பியபோது, உச்சி வெயிலில் புவனா தன் முந்தானையால் ஒவ்வொரு குழந்தையின் தலையாகத் துவட்டிக்கொண்டிருந்தாள்.