போர் தண்ணீரில் ஒரு வெளிச்சம்

கீழ்க்கட்டளை வீட்டின் சாப்பாட்டு மேசையில் காலை வெயில் படர்ந்திருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் பள்ளிக்கூட வேலைக்காக ஹெப்சி மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். பேட்டரியோடு ஒரு குட்டி எல்.இ.டி. பல்பைக் கோத்து, இரண்டு கம்பி முனைகளையும் டம்ளர் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறாள். பல்பு எரியவில்லை.

“எபி, இது எந்தத் தண்ணி?”

“கேன் தண்ணிதான். உன் இன்டர்வியூவுக்குப் போய் போர் தண்ணியா ஊத்துவேன்?” என்கிறான் கணவன், பெருமையாக.

ஹெப்சிக்குச் சிரிப்பு பொங்குகிறது. “உப்பையெல்லாம் எடுத்துட்டுத்தாம்ப்பா கேன்ல விக்கிறாங்க. உப்பு கரைஞ்சிருந்தாத்தான் கரண்ட் போகும்.”

பாத்திரமெல்லாம் வெள்ளை பூக்க வைக்கும் ஆழ்துளைக் கிணற்றுக் குழாய்த் தண்ணீரை எபி ஓடிப்போய்ப் பிடித்து வருகிறான். கம்பிகள் நனைந்ததும் பல்பு சிவப்பாக மினுங்குகிறது. இருவர் முகத்திலும் அந்தச் சிவப்பு. அவள் பாட்டில் நிறைய அதையே நிரப்பிக்கொள்கிறாள்.

“பஸ்ல தாகமா இருக்குன்னு வேலையக் குடிச்சிடாத தாயே,” என்கிறான் எபி.