படுத்துக் கிடக்கும் சோளக்கொல்லை

ராத்திரி அடித்த காற்றுமழையில் ஜெபமணியின் தீவனச் சோளம் மொத்தமும் சேற்றில் படுத்துக் கிடக்கிறது. கோடை முழுக்க மாடுகளுக்குப் பச்சையாக அறுத்துப் போடலாம் என்று வளர்த்தது. இனி நாலே நாளில் அழுகிவிடும். தேன்கனிக்கோட்டை ரோட்டில் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போகிறது. விதை விற்ற கௌதம் வரப்பில் நின்றபடி ஓர் இலையைத் திருப்பி, அதன் பழுப்பு நடுநரம்பை வெயிலில் காட்டுகிறான். "இதாம்மா இந்த ரகத்துக்கு அடையாளம். மீதைல்னு ஒரு ரசாயனத் துணுக்க எடுத்துக் குடுத்துச் சோளத்தட்டை விறைப்பாக்குற என்சைம் இதுல வேலை செய்யாது. அதான் மாட்டுக்கு நல்லா செரிக்குது." "விறைப்பு இல்லன்னா காத்துக்கு வுழுந்துடும்னு விக்கறப்பவே சொல்றதுக்கென்ன?" "நீங்க கேக்கலியேம்மா." ஜெபமணி கையிலிருந்த அரிவாளை வரப்பில் ஓங்கிக் குத்துகிறாள். அந்தக் கொல்லையில் நிமிர்ந்து நிற்பது இப்போது அது ஒன்றுதான். பின்னால் அவளுடைய பசு, விழுந்த தட்டைக் கண்ணை மூடி மென்றுகொண்டிருக்கிறது. "பாருங்க, எப்படித் தின்னுது!" என்று சிரிக்கிறான் கௌதம். அவள் ஒரு தட்டை நிமிர்த்தி அவன் கையில் திணிக்கிறாள். அவன் விட்டதும் அது அவனுடைய ஷூமேல் துவண்டு விழுகிறது. "கைய எடுக்காத," என்கிறாள் ஜெபமணி. "அந்த என்சைம் செய்யாத வேலைய நீ செய்யி. கோடை முடியிற வரைக்கும் புடிச்சிக்கினு நில்லு."