அத்தையின் பாட்டில்

போன வாரம் துணி மடித்துக்கொண்டே என் பெரிய மகள்தான் இதை எனக்குச் சொன்னாள். அவளோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வீட்டில் நடந்தது.

"ஏய், கிளம்பு. லேப்புக்குப் போகணும்" என்றார் மாமியார்.

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்கு அத்தை?"

"எனக்கு நீர் போனா எரியுது. டாக்டர் நீர்ல புழு முட்டை இருக்கான்னு டெஸ்ட் எழுதியிருக்கார். வீட்டுல இருக்கிற எல்லாரும் எடுக்கணுமாம்."

"எனக்கு ஒண்ணும் இல்லையே..."

"ஆமா, நீ ராஜகுமாரி! மாமியார் தனியா பாட்டிலைத் தூக்கிட்டு நிக்கணும், நீ வீட்டுல காலாட்டிட்டு உட்கார்ந்திருக்கணும், இல்ல?"

மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு நீரில் ரத்தம் போகிறது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஏதாவது பெரிய வியாதியாக இருந்து, 'நோயாளியை நம்ம தலையில கட்டிட்டாங்க' என்று இந்த அம்மா பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிட்டால்? வெளியூரில் இருக்கும் கணவனிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. கடவுளிடம் மட்டும்தான் சொல்லி அழுதிருந்தாள்.

லேப் பெண் இரண்டு பாட்டிலிலும் பெயர் எழுதி ஒட்டினாள்.

"மத்தியானம் வந்ததே நல்லது. இந்தப் புழுவோட முட்டை இந்த நேரத்துலதான் நிறைய இறங்கும். முதல்ல மாடிப்படியில நல்லா ஏறி இறங்குங்க. உடம்பு குலுங்கினாத்தான் வெளியே வரும்."

"கேட்டியா? ஏறு" என்றார் மாமியார்.

"நீங்க அத்தை?"

"என் முட்டிக்கு யார் பதில் சொல்றது? எனக்கும் சேர்த்து நீயே ஏறு."

"நல்லா வாய்ச்சாங்கம்மா மாமியார்!" என்று பெஞ்சில் இருந்த ஒருத்தி முணுமுணுத்தாள். மாமியார் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், ஃபேனுக்கு நேர் கீழே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

மருமகள் வேர்க்க விறுவிறுக்க ஏறி இறங்கினாள். கண்ணில் நீர் முட்டியது. பிறகு ஒருவர்பின் ஒருவராக லேப் பாத்ரூமுக்குப் போய்ப் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து லேப் பெண் மருமகளை மட்டும் உள்ளே கூப்பிட்டாள்.

"முட்டை இருக்குங்க. தண்ணியில இறங்கி வேலை பார்ப்பீங்களா?"

"மீன்தொட்டிச் செடி வளர்க்கிற பண்ணை. நாள் முழுக்கக் குளத்துலதான் நிப்பேன்."

"அதான். அங்க நத்தை இருக்கும். அதுலேருந்து வர்ற புழு தோல் வழியா உள்ள போயிடும். டாக்டரைப் பாருங்க, மாத்திரை தருவார்."

"அப்போ... பெரிய வியாதி இல்லையா?"

"மாத்திரையிலேயே சரியாகிடுங்க."

மருமகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம்தான் நினைவு வந்தது. "ஐயோ, அத்தைக்கும் இருக்கா? எரியுதுன்னு சொன்னாங்களே!"

லேப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அதைக் கேட்கத்தான் உங்களைத் தனியா கூப்பிட்டேன். அவங்க கொடுத்தது வெறும் குழாய்த் தண்ணிங்க."

மருமகள் வெளியே ஓடி வந்தாள். "அத்தை! ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

"பின்னே? எனக்கென்ன கேடு, கல்லு மாதிரி இருக்கேன். நீ எவ்வளவு தேய்ச்சுக் கழுவியும் பாத்ரூம் ஓரத்துல சிவப்பு நிக்குதே, கேட்டிருந்தா வாயைத் திறந்திருப்பியா? உன் குளத்து வேலையைச் சொல்லித்தான் டாக்டர்கிட்ட எழுதி வாங்கினேன். வா, அவர் கிளம்பிடப் போறார்."

உங்கள் வீட்டிலும் யாராவது எதையோ மறைத்துக்கொண்டு தவிக்கலாம். குடைந்து குடைந்து கேட்காதீர்கள். "எனக்குத் துணைக்கு வா" என்று மட்டும் கூப்பிட்டுப் பாருங்களேன்.