பத்து மணிக்குத்தான் ராத்திரி

"லேடீஸுக்கு வேன் வேணும், சார்."

அதை மட்டும் கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் சூப்பர்வைசர் என்னை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டிருந்தார். இப்போது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சட்டப்படி ராத்திரி பத்து மணிக்குத்தான் ஆரம்பிக்குது. அதுக்கு மேல வேலை வாங்கினாத்தான் வேன் விடணும். உங்க ஷிப்டு ஒன்பதே முக்காலுக்கே முடிஞ்சிடுதே?"

"நேத்து பேக்கிங் அக்கா பின்னாடியே ரெண்டு பேர் வந்திருக்கானுங்க."

"கும்பலா நடக்கச் சொல்லு. ஒரு டிகிரி வாங்கிட்டா சட்டம் பேசுவியா?"

"சட்டம் பேசினது நீங்க."

ஷிப்டு முடிந்து மணி அடித்தது. பெண்கள் கேட்டைத் தாண்டி நடக்கத் தொடங்கினார்கள். நானும் பையை எடுத்தேன். அவர் எழுந்து வந்து வாசலை மறித்தார்.

"நீ எங்க கிளம்பிட்ட? இருட்டிடுச்சு. என் வண்டியில வா."

"உங்க பொண்ணுக்கு மட்டும் ராத்திரி ஆயிடுச்சாப்பா?"

அவர் கையை விலக்கிவிட்டு, அக்காக்களை நோக்கி நடந்தேன்.