வேறொரு வாயின் சொல்

நார்த்தங்காய் ஊறுகாயைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, "இவ்ளோ உப்பு டெலிட்டீரியஸ், செண்பகம்" என்றார் பரமசிவம். அப்படியென்றால் என்ன என்று மனைவி கேட்டாள். "உடம்புக்குக் கெடுதல்னு அர்த்தம்." கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு எல்லாமே வெறும் 'ஆகாது'தான். வெயில் ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, அவள் தம்பி ஆகாது. இந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் நடுவில் ஓரிடத்தில் குரல் இழைந்தது. யாரோ சொல்லக் கேட்டு, ரசித்து, கசங்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்ததுபோல் இருந்தது. அடுத்த வாரம் அவருடைய ஆபீசில் ஆயுதபூஜை. குடும்பத்தோடு எல்லாரும் வந்திருந்தார்கள். புதிதாக மாற்றலாகி வந்த நிர்மலா மேடம் சாம்பிராணிப் புகையைக் கையால் விசிறி, "ஐயோ, டெலிட்டீரியஸ்!" என்று சிரித்தாள். அதே இடத்தில் அதே இழைவு. செண்பகம் வாயிலிருந்த பொரியை மெல்ல மறந்து நின்றாள். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தாள். முதலில் நாக்கில் தடுக்கியது. வாளி நிரம்பி வழிந்தபோது சரளமாக வந்தது, இழைவோடு. இரவு சாப்பாட்டில் தட்டைப் பார்த்தபடியே, "இன்னொரு அப்பளம் போடு" என்றார் பரமசிவம். "வேணாங்க, டெலிட்டீரியஸ்" என்றாள். அவர் முகமெல்லாம் மலர்ந்து நிமிர்ந்தார். அவளைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததே இல்லை. எதிரில் இருப்பது செண்பகம் என்று தெரிந்ததும் குனிந்து சோற்றைப் பிசைந்தார்.